எண்ணெய் தூக்கும்... இரும்புதான் தாங்கும்! வீட்டுக்கு பைக் லிஃப்ட் வாங்கும் முன்பு இதைப் படிங்க

ஞாயிற்றுக்கிழமை காலையில் திட்டக்குடியில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும், ஏதாவது ஒரு வீட்டு வாசலில் பைக் குளிப்பாட்டு நடந்துகொண்டிருக்கும். ஒரு வாளி தண்ணீர், பழைய டூத் பிரஷ், பாட்டிலில் கொஞ்சம் டீசல், கிழிந்த பனியன் துணி. வெள்ளாற்றுக் கரை வயலுக்கும் மக்காச்சோளக் காட்டுக்கும் வாரம் முழுக்க ஓடிய வண்டிகள் இவை. மழையில் சேறு, வெயிலில் புழுதி. அத்தனையும் போய் ஒட்டிக்கொள்ளும் இடம் செயின்.

செயினைச் சுத்தம் செய்ய வேண்டுமென்றால் பின்சக்கரம் சுற்ற வேண்டும். சக்கரம் சுற்ற வேண்டுமென்றால் அது தரையைத் தொடக் கூடாது. வண்டியைத் தூக்கும் கதை இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

அப்பா காலத்து பைக்கில் இது ஒரு பிரச்னையே இல்லை. சென்டர் ஸ்டாண்டை மிதித்தால் பின்சக்கரம் தானாகத் தரையைவிட்டு எழும்பும். இப்போது இளைஞர்கள் விரும்பி வாங்கும் ஸ்போர்ட்ஸ் பைக்குகள் பலவற்றில் சைடு ஸ்டாண்டு மட்டும்தான். எடை குறைய வேண்டும், வளைவில் சாய்த்து ஓட்டும்போது அடியில் எதுவும் உரசக் கூடாது, சைலன்ஸருக்கும் இடம் வேண்டும். இதற்காக சென்டர் ஸ்டாண்டைக் கழற்றிவிட்டார்கள். சர்வீஸுக்கு விட்டால் அங்கே ஹைட்ராலிக் ராம்ப் இருக்கிறது, ஒரு மிதியில் வண்டி இடுப்பு உயரத்துக்கு வந்துவிடுகிறது. அதைப் பார்த்த பிறகு, `நம்ம போர்ட்டிகோவிலும் ஒண்ணு போட்டா என்ன?' என்ற ஆசை வருவது இயல்புதான். மொபைலில் தேடினால் வகை வகையாக வந்து நிற்கின்றன.

வாங்குவது சுலபம். எதற்கு எது போதும், எதில் என்ன ஆபத்து என்பதுதான் விளம்பரத்தில் இருக்காது.

மாட்டு வண்டி கற்றுக்கொடுத்த பாடம்

வாகனத்தைத் தூக்கி வைத்து வேலை பார்ப்பது இந்தப் பக்கத்து மக்களுக்குப் புதிதல்ல. மாட்டு வண்டிக்கு மை போடும் நாளில், அச்சுக்குக் கீழே கட்டையை முட்டுக் கொடுத்து வண்டியைத் தூக்குவார்கள். கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தை வெளியே இழுத்து, வைக்கோல் கரியை எண்ணெயில் குழைத்த மையை அச்சில் தடவுவார்கள். வண்டியைத் தூக்கியது ஆட்களின் தோள். ஆனால், வேலை முடியும் வரை தாங்கி நின்றது கட்டை. தோளை நம்பி யாரும் அச்சுக்கடியில் கையை விடவில்லை.

அதே விஷயம் இன்று டிராக்டர் டிரெய்லரில் நடக்கிறது. ஹைட்ராலிக்கில் டிப்பரைத் தூக்கி நிறுத்தி அடியில் ரிப்பேர் பார்ப்பதென்றால், அனுபவப்பட்டவர்கள் முதலில் குறுக்கே ஒரு கனமான முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். ஹோஸ் வெடித்தால், யாராவது தெரியாமல் லீவரைத் தட்டிவிட்டால், டிப்பர் இறங்குவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளாது.

பைக் லிஃப்ட் என்பதும் அந்த டிப்பரின் சின்னத் தம்பிதான். பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்டு சொன்ன விதி, 1795-ல் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா காப்புரிமை வாங்கிய ஹைட்ராலிக் பிரஸ், இன்றைய ராம்ப்... மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். அடைத்து வைத்த திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் அப்படியே பரவும். மிதிக்கும் பக்கத்தில் பிஸ்டனின் பரப்பு 1 சதுர செ.மீ., தூக்கும் பக்கத்தில் 20 சதுர செ.மீ. என்று வையுங்கள். இங்கே 10 கிலோ விசை கொடுத்தால் அங்கே 200 கிலோ எழும்பும். 195 கிலோ எடையுள்ள கிளாசிக் 350 புல்லட்டை ஒற்றைக் காலால் தூக்க முடிவது இப்படித்தான். இலவசமாக ஒன்றும் கிடைப்பதில்லை. இந்தப் பக்கம் 20 செ.மீ. மிதித்தால், அந்தப் பக்கம் ஒரே ஒரு செ.மீ.தான் உயரும். அதனால்தான் திரும்பத் திரும்ப மிதிக்க வேண்டியிருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் வண்டியின் மொத்த எடையையும் அடைத்து நிறுத்தியிருப்பது ஒரு ரப்பர் சீல். அது தேயும், வெயிலில் காயும், தூசு புகுந்தால் கீறல் விழும். கீறல் வழியாக எண்ணெய் கசிந்தால் மேசை மெள்ள மெள்ள இறங்கும். எப்போதாவது மெதுவாக இல்லாமலும் இறங்கும். அதனால்தான் ஒழுங்காகச் செய்யப்பட்ட ஒவ்வொரு லிஃப்ட்டிலும் இரும்பு லாக் ஒன்று இருக்கும். தேவையான உயரம் வந்ததும் கம்பியையோ பின்னையோ செருகி, பிரஷரை இறக்கி, மேசையை அந்த இரும்பின் மேல் உட்கார வைக்க வேண்டும். அதன் பிறகு எண்ணெய்க்கு வேலை இல்லை, தாங்குவது முழுக்க இரும்பு.

லாக் இல்லாத லிஃப்ட்டை விலை குறைவு என்று வாங்குவதும், உள்ளூர் வெல்டிங் பட்டறையில் லாக் இல்லாமல் அடித்து வாங்குவதும் ஒன்றுதான். இரண்டும் வேண்டாம். டிராக்டர் டிரெய்லரையே செய்து கொடுக்கும் பட்டறைக்காரர்களுக்கு ஒரு லாக் கம்பி வைப்பது பெரிய வேலை இல்லை, கேட்டு வாங்க வேண்டியது நம் பொறுப்பு.

உங்களுக்கு உண்மையில் எது தேவை?

வீட்டில் ஒருவர் என்ன வேலை பார்ப்பார்? செயின் சுத்தம் செய்து ஆயில் விடுவது, செயின் லூஸ் பார்ப்பது, இன்ஜின் ஆயில் மாற்றுவது, பிரேக் கட்டை மாற்றுவது. மிஞ்சிப்போனால் பஞ்சருக்காகச் சக்கரத்தைக் கழற்றுவது. இவற்றில் எதற்குமே வண்டி இடுப்பு உயரத்துக்கு வர வேண்டிய அவசியம் இல்லை. பின்சக்கரம் தரையிலிருந்து இரண்டு அங்குலம் எழும்பினால் போதும்.

சென்டர் ஸ்டாண்டு இருக்கும் வண்டியென்றால் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்ய வேண்டாம். இல்லாத வண்டிக்கு பேடாக் ஸ்டாண்டு. சோழவரத்து விமான ஓடுதளத்தில் அந்தக் காலத்தில் ரேஸ் நடந்தது, இப்போது இருங்காட்டுக்கோட்டையில் நடக்கிறது. ரேஸ் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் பேடாக் பகுதியில் பயன்படுவதால்தான் இந்தப் பெயர். பின்பக்க ஸ்விங் ஆர்மின் இரு புறமும் ஸ்பூல் எனப்படும் சின்னக் குமிழ்களை மாட்டி, நீளமான கைப்பிடி கொண்ட ஸ்டாண்டை அதில் கொக்கிபோலக் கொடுத்து அழுத்தினால், நெம்புகோல் மாதிரி வண்டி எழும்பும். சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும், மூலையில் சாத்தி வைத்துவிடலாம். ஆனால், முதல் சில தடவை தனியாக முயற்சி செய்ய வேண்டாம். ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்து வண்டியை நேராக நிறுத்த, இன்னொருவர் பின்னால் அழுத்த வேண்டும். தனியாகச் செய்பவர்களின் வண்டி பெரும்பாலும் சைடு ஸ்டாண்டு இல்லாத பக்கமாகத்தான் சாய்கிறது. அந்தப் பக்கம் அதைத் தாங்கிப் பிடிக்க யாரும் இருப்பதில்லை.

பல பத்தாயிரம் ரூபாய் ஆகும் ஹைட்ராலிக் மேசை யாருக்கு? பழைய புல்லட்டையோ யெஸ்டியையோ பிரித்துப் பூட்டுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களுக்கு. வீட்டில் நாலைந்து வண்டி இருப்பவர்களுக்கு. குனிய முடியாதபடி முதுகுவலியோ, முழங்கால் வலியோ உள்ளவர்களுக்கு. எல்லோரையும்விட, வீட்டு முகப்பையே பட்டறையாக்கி நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து வேலை பார்க்கும் மெக்கானிக்குகளுக்கு. உண்மையில் லிஃப்ட் அதிகம் தேவைப்படுவது இவர்களுக்குத்தான். அவர்களில் எத்தனையோ பேர் இன்றும் ஒரு பலகைத் துண்டில் உட்கார்ந்துதான் இன்ஜின் இறக்குகிறார்கள். வருஷத்துக்கு நாலு தடவை செயின் துடைக்கும் வீட்டில் அந்த மேசை துணி காயப்போடத்தான் பயன்படும்!

ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. பெரும்பாலான ஸ்கூட்டர்களில் செயின் கிடையாது, சென்டர் ஸ்டாண்டும் உண்டு. பல பெண்களும் பெரியவர்களும் சொல்லும் குறை, அந்த சென்டர் ஸ்டாண்டைப் போட முடியவில்லை என்பது. கையால் வண்டியைத் தூக்கப் பார்ப்பதால்தான் இந்தச் சிரமம். ஸ்டாண்டின் இரண்டு கால்களும் தரையில் சமமாகப் பட்டதா என்று பார்த்துக்கொண்டு, மிதிகட்டையின் மேல் உடம்பின் முழு எடையையும் இறக்கினால் வண்டி தானாகப் பின்னோக்கி ஏறும். கை பிடித்துக்கொண்டால் போதும், தூக்க வேண்டியதில்லை.

டைல்ஸ் தரை... ஜாக்கிரதை

இது இந்தப் பகுதிக்கே உரிய விஷயம். திட்டக்குடியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்போன ஊர். பொம்மையிலிருந்து ஃபியூஸ் கேரியர் வரை அங்கே சூளையில் வேகின்றன. பீங்கானின் குணம் அந்த ஊர்க்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். நசுக்கும் எடையை அது தாங்கும், வளைத்தால் உடைந்துவிடும்.

போர்ட்டிகோ டைல்ஸும் அதே இனம்தான். அடியில் சிமென்ட் முழுமையாகப் பரவியிருந்தால் 200 கிலோ பைக்கை அது சட்டை பண்ணாது. எங்காவது அடியில் காலியிடம் இருந்து, அதன் மேல் லிஃப்ட்டின் சின்னக் கால் ஒன்று உட்கார்ந்தால், டைல் வளையப் பார்க்கும், பட்டென்று விரியும், லிஃப்ட் ஒரு பக்கம் சாயும். ஸ்பேனரின் பின்பக்கத்தால் டைல்ஸைத் தட்டிப் பாருங்கள். `டொக் டொக்' என்று பொள்ளல் சத்தம் வரும் இடத்தில் லிஃப்ட்டை வைக்க வேண்டாம். எப்படியும் கீழே ஒரு கனமான ப்ளைவுட் பலகை போட்டுவிடுவது நல்லது, எடை பரவும்.

இன்னொன்று, போர்ட்டிகோ தரை மழைத்தண்ணீர் வடிவதற்காகத் தெருப்பக்கம் லேசாகச் சரிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்தச் சரிவு, சக்கரம் வைத்த லிஃப்ட்டுக்கு நன்றாகத் தெரியும். டைல்ஸில் நாலு சொட்டு ஆயில் சிந்தியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஒரு விரல் நீளம்... கால் நொடி

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறந்துவிடாதீர்கள்.

பைக்கைத் தூக்கி வைத்த பிறகு நடக்கும் மோசமான விபத்து, வண்டி விழுவதல்ல. செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே விரல் போவது. கையால் சக்கரத்தைச் சுற்றச் சோம்பல்பட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, முதல் கியரில் போட்டு, ஓடும் செயினில் துணியைப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். `மெதுவாத்தானே சுத்துது' என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். சாதாரண 100 சிசி பைக், ஐட்லிங்கில் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்று ஓடுகிறது. முதல் கியரில் பின்சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 36 முறை சுற்றும். பின் ஸ்ப்ராக்கெட்டில் 42 பல் என்றால், பல்லுக்கு அரை அங்குலம் வீதம் ஒரு சுற்றுக்கு 21 அங்குலம் செயின் நகர்கிறது. ஆக, நொடிக்கு ஓர் அடிக்குக் கொஞ்சம் மேல். துணி சிக்கியதை உணர்ந்து கையை இழுக்க ஒரு மனிதருக்குக் கால் நொடியாவது வேண்டும். அந்தக் கால் நொடியில் செயின் மூன்று அங்குலம் போய்விடும். உங்கள் ஆள்காட்டி விரலை அளந்து பாருங்கள், அதுவும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

மெதுவாகச் சுற்றினாலும் முதல் கியரில்தான் இழுவிசை மிக அதிகம். மேட்டில் இரண்டு பேரை இழுத்துப் போகும் விசை அது. ஒரு விரல் எலும்பு அதைத் தடுத்து நிறுத்தாது.

அதனால் செயின் வேலை என்றால் நியூட்ரல், இன்ஜின் ஆஃப், சாவி பாக்கெட்டில். வண்டியிலேயே சாவி இருந்தால் ஆஃப் செய்ததாகக் கணக்கில்லை. சக்கரத்தைக் கையால் கொஞ்சம் சுற்றுங்கள், நிறுத்துங்கள், துடையுங்கள், மறுபடி சுற்றுங்கள். சுற்றும் திசையிலும் விஷயம் இருக்கிறது. வண்டி முன்னே போகும் திசையில் சக்கரம் சுற்றினால், செயினின் கீழ்வரிசை பின் ஸ்ப்ராக்கெட்டின் பல்லுக்குள் போகும். சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றினால், அதே கீழ்வரிசை பல்லைவிட்டு விலகி வரும். எனவே, பின்னோக்கிச் சுற்றி, கீழ்வரிசையின் நடுப்பகுதியில் பிரஷ் வைப்பதுதான் பாதுகாப்பு. துணியை விரலில் சுற்றிக்கொள்வதைவிட நீளக் கைப்பிடி பிரஷ் நல்லது.

மகனையோ மகளையோ உட்கார வைத்து, `நீ சுத்து, நான் துடைக்கிறேன்' என்பதும் வேண்டாம். சக்கரத்தைச் சுற்றுபவரும் செயினில் கை வைப்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். லுங்கி, துப்பட்டா, முந்தானை, கையில் கட்டிய கயிறு, மோதிரம் எதுவும் அந்தப் பக்கம் வரக் கூடாது. பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்று 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளே (விதி 123) சொல்கின்றன. நாம் சேலை கார்டு என்று கூப்பிடுவது அதைத்தான். ஓடும்போது அது காப்பாற்றும். வேலை பார்ப்பதற்காக அதைக் கழற்றிவிட்டால் பாதுகாப்பு நம் கையில்தான் இருக்கிறது.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் இன்னொரு ஆபத்து. ஐட்லிங் சத்தமே கிடையாது. சென்டர் ஸ்டாண்டில் நிற்கும் வண்டி ஆன் ஆகியிருக்கிறதா என்று காதால் கண்டுபிடிக்க முடியாது. குழந்தை ஒன்று ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் சக்கரம் சட்டென்று முழு வேகத்தில் சுழலும்.

ஒருவேளை விரல் துண்டாகிவிட்டால், துண்டான பகுதியைச் சுத்தமான, ஈரமான துணியில் சுற்றுங்கள். தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். விரலை நேரடியாக ஐஸில் போடக் கூடாது, திசு கெட்டுவிடும். காயத்தைத் துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்து, 108-க்கு அழையுங்கள். ஒட்டவைக்கும் அறுவை சிகிச்சை எல்லா மருத்துவமனையிலும் கிடையாது, கை அறுவை சிகிச்சையோ பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவோ உள்ள பெரிய மருத்துவமனையாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு இதில் நல்ல பெயர் உண்டு. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைத் துறை நாட்டுக்கே முன்னோடி. கோவை கங்கா மருத்துவமனையும் இதற்குப் பேர்போனது. திட்டக்குடியிலிருந்து இரண்டுமே தூரம் என்பதால், எங்கே போகலாம் என்று முதலுதவி செய்யும் டாக்டரிடமே கேட்டு உடனே கிளம்புவது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால், பல்லில் அகப்பட்ட விரல் கத்தியில் வெட்டுப்பட்டதுபோல இருக்காது, நசுங்கிப் போயிருக்கும். அதை ஒட்டவைப்பது கைதேர்ந்த சர்ஜனுக்கே கஷ்டம்.

ஏற்றுவதற்கு முன்பு... இறக்குவதற்கு முன்பு

ஹைட்ராலிக் மேசை வாங்கியே தீருவது என்றால் சில பழக்கங்கள் வேண்டும். ஆக்ஸில் நட்டு, இன்ஜின் போல்ட்டு போன்ற இறுக்கமானவற்றை வண்டி தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். மேலே ஏற்றிய பிறகு நீளமான ஸ்பேனர் போட்டு முழு பலத்தில் இழுத்தால், நட்டு கழல்வதற்கு முன்பு வண்டி சாயும். இந்த ஒரு பழக்கமே பல விபத்துகளைத் தவிர்க்க உதவும்.

மேசையில் வண்டியை ஓட்டி ஏற்ற வேண்டாம், தள்ளி ஏற்றுங்கள். மறுபக்கம் ஓர் ஆள் இருக்கட்டும். முன்சக்கரத்தைக் கவ்வியில் செருகி, ஹேண்டில்பாருக்குக் கீழே இரு பக்கமும் பெல்ட் போட்டு, முன் ஷாக் அப்சார்பர் கொஞ்சம் அமுங்கும் அளவுக்கு இழுத்துக் கட்டுங்கள். ஒரு பக்கத்தை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகாமல், இரண்டையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்க வேண்டும். பிறகு வண்டியைக் கையால் ஆட்டிப் பாருங்கள். வண்டியும் மேசையும் ஒன்றாக ஆட வேண்டும், வண்டி மட்டும் தனியாக ஆடக் கூடாது.

கனமான எதையாவது கழற்றினால் பாரம் இடம் மாறும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பின்சக்கரத்தை எடுத்தால் வண்டி மூக்குப் பக்கம் கனக்கும். முன்சக்கரத்தையோ ஃபோர்க்கையோ எடுத்தால் பின்னால் இழுக்கும். எதைக் கழற்றப் போகிறோம் என்பதைப் பொறுத்து முட்டு எங்கே வேண்டும் என்று முன்பே முடிவு செய்ய வேண்டும். ஜாக்கியை இன்ஜினின் ஆயில் சம்ப்புக்கு அடியில் கொடுத்தால் அது விரிந்துவிடும். கொடுக்க வேண்டிய இடம் ஃபிரேம்.

செயின் லூஸ் பார்ப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. பெரும்பாலான பைக்குகளில் செயினின் நடுப்பகுதி மேலும் கீழுமாக 20 முதல் 30 மி.மீ. வரை ஆடலாம். ஆனால், சரியான அளவும், அதை சைடு ஸ்டாண்டில் பார்க்க வேண்டுமா, சக்கரத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டுமா என்பதும் வண்டிக்கு வண்டி மாறும். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும், பீரோவில் இருந்து எடுத்துப் பாருங்கள். ஒரே இடத்தில் பார்த்தால் போதாது, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலு இடத்தில் பார்த்து, மிக இறுக்கமான இடத்தை வைத்து அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். ஓ-ரிங் செயினாக இருந்தால் பெட்ரோலில் கழுவாதீர்கள், ரப்பர் வளையம் கெட்டுவிடும். வடித்த பழைய ஆயில் சாக்கடைக்கோ ஆற்றுக்கோ போகாமல், கேனில் பிடித்து மெக்கானிக் கடையில் கொடுத்துவிடுங்கள்.

வேலை முடிந்தது. இறக்கும் முன்பு மேசைக்கடியில் குனிந்து பாருங்கள். ஸ்பேனர் இருக்கும், செருப்பு இருக்கும், சில வீடுகளில் பூனை இருக்கும். லாக் கம்பி பாரத்தில் இறுகியிருப்பதால் அப்படியே பிடுங்க வராது. ஒரு மிதி மிதித்து மேசையைக் கொஞ்சம் மேலே ஏற்றினால் கம்பி தளரும். அப்போது எடுத்துவிட்டு, பெடலை மெதுவாக விட்டு மேசையை இறக்குங்கள். தரைக்கு வந்ததும் முதலில் சைடு ஸ்டாண்டைப் போட்டுவிட்டுத்தான் பெல்ட்டை அவிழ்க்க வேண்டும்.

ஆக்ஸில் நட்டைக் கடைசியாக ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். டிஸ்க் பிரேக்கில் பேட் மாற்றியிருந்தால் லீவர் முதலில் பஞ்சுபோல உள்ளே போகும், கெட்டியாகும் வரை நாலைந்து முறை அழுத்துங்கள். அதன் பிறகு சாவியைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கலாம்.